டுபுவாக்களின் வேரைத் தேடி: முரண்படும் பதிவுகளுள் எந்த ஏட்டை முதலில் திறப்பது?

நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றுக்கு மேற்கே, நியூ பால்ட்ஸ் என்றோர் ஊர் இருக்கிறது. பிரெஞ்சு பேசிய பன்னிரண்டு பங்குதாரர்கள் 1677-இல் எசோபஸ் பூர்வகுடி மக்களிடம் நிலம் வாங்கி அமைத்த ஊர் அது. அந்தப் பன்னிருவருள் முன்னின்றவர் லூயி டுபுவா. என்னோடு நெடுங்காலம் ஒரே அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அவர் வழியில் வந்தவர். பேரப்பிள்ளைகளுக்காகக் குடும்பத்தின் கொடிவழியை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவர் கையில் மூன்று பொருள்கள் இருந்தன: பாட்டனார் விட்டுச்சென்ற, பொன் விளிம்பிட்ட குடும்ப நூல், சபைப் பதிவேடுகளின் நகல்கள் அடங்கிய ஓர் உறை, மரபணுச் சோதனையின் முடிவு. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நூல் லூயியை 11-ஆம் நூற்றாண்டு வீரப் பிரபு ஒருவரின் வழித்தோன்றல் என்றது. நகல்களில் ஓர் ஊர்ப்பெயரும் ஒரு தந்தையின் பெயரும் மட்டுமே இருந்தன. சோதனை முடிவு நூற்றுக்கணக்கான தூரத்து உறவினரைக் காட்டியதே தவிர, அவர்கள் எந்தக் கிளையில் உறவு என்று சொல்லவில்லை. அவருக்கு ஒரு கோடைகாலம் ஓய்வு இருந்தது. ஒரு தேடலுக்குச் செலவிடும் அளவுக்குப் பணமும் இருந்தது. எந்த வழியை முதலில் எடுப்பது என்று என்னைக் கேட்டார். குடியேற்றக் கால ஹியூகனாட் (பிரெஞ்சுப் புரோட்டஸ்டன்ட்) குடும்பம் எதைத் தேடுபவரும் இதே சந்திப்பில் வந்து நிற்கிறார்கள் என்பதால், நாங்கள் ஒவ்வொரு வழியையும் எடைபோட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முரண்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதை அறியாமல் வழிகளை ஒப்பிட முடியாது. லூயியின் ஊராகிய விக்ர், லில் நகரத்துக்குத் தென்மேற்கே, லா பஸ்ஸேவுக்கு அருகில் இருக்கும் சிற்றூர். இன்று அது பிரான்ஸில் இருக்கிறது. அவர் பிறந்த காலத்தில் ஸ்பெயின் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட தென் நெதர்லாந்தில் இருந்தது. அங்கிருந்து அவர் ரைன் கரையிலுள்ள மன்ஹைமுக்குப் போனார். முப்பதாண்டுப் போரில் பாழாய்ப்போன அந்நகரத்தில் மீண்டும் மக்களைக் குடியமர்த்துவதற்காகப் பாலட்டினேட் என்னும் ஜெர்மன் சிற்றரசின் ஆட்சியாளர் கார்ல் லுட்விக் 1652-இல் சலுகைகளை அறிவித்திருந்தார். கால்வின் வழிப் புரோட்டஸ்டன்ட் சபையாகிய சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சு மொழியினர் பலர் அங்கே போய்ச் சேர்ந்தனர். பின்னர் லூயி குடும்பத்தோடு அமெரிக்காவில் டச்சுக்காரர் அமைத்திருந்த நியூ நெதர்லாந்துக்குக் கப்பலேறினார். 1664-இல் அந்தக் குடியேற்றம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆகவே ஒரே மனிதரின் வாழ்க்கையை விக்ரின் கத்தோலிக்கப் பங்குத்தந்தையும், மன்ஹைமின் பிரெஞ்சுப் போதகரும், டச்சு எழுத்தரும், ஆங்கில எழுத்தரும் தத்தம் மொழியில், தத்தம் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருக்கிறார்கள்.

அதன் விளைவை நியூ பால்ட்ஸ் நிலத்துக்கு ஆளுநர் எட்மண்ட் ஆண்ட்ரோஸ் 1677 செப்டம்பர் 29-இல் வழங்கிய பட்டாவிலேயே பார்க்கலாம். பன்னிருவருள் ஆபிரகாம் ஹாஸ்புரூக்கும் ஜான் ஹாஸ்புரூக்கும் உடன்பிறந்தவர்கள். ஆனால் அந்த ஒரே ஆவணத்தில் ஆபிரகாமுக்கு முழுக் குடும்பப் பெயரும் ஜானுக்கு வெறும் ‘புரோக்’ என்பதும் எழுதப்பட்டிருக்கின்றன. லூயி பெவியர் அதில் ‘லோரன்ஸ்’ ஆகிவிடுகிறார். கிரெபெல் என்னும் பெயர் ஒரு டச்சுக் கப்பல் பட்டியலில் ‘கிரிபெல்’ என்றும், இன்றைய அமெரிக்காவில் ‘கிறிஸ்பெல்’ என்றும் நிற்கிறது. லூயி டுபுவாவையோ அண்டை வீட்டு டச்சுக்காரர்கள் ‘வாலூன் லூயி’ என்றே அழைத்தனர். எழுத்துக்கூட்டல் வேறுபட்டால் ஆளும் வேறு என்று முடிவு கட்டுபவர் இந்தக் குடும்பங்களில் இரண்டாம் தலைமுறையைக்கூடத் தாண்ட மாட்டார்.

நாட்காட்டியும் இதே வேலையைச் செய்கிறது. விக்ர் இருந்த ஸ்பானியப் பகுதி புதிய கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது; புரோட்டஸ்டன்ட் பாலட்டினேட் பழைய ஜூலியன் முறையிலேயே நின்றது; நியூ நெதர்லாந்து புதியது; ஆங்கிலேயர் வந்த பின்பு 1752 வரை மறுபடியும் பழையது. 17-ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் பத்து நாள் வேறுபாடு. இதற்கு மேல், ஆங்கில முறையில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும். சனவரி, பிப்ரவரி நாள்கள் முந்தைய ஆண்டின் எண்ணையே சுமந்திருக்கும். எனவே பத்து நாளோ ஓராண்டோ தள்ளி நிற்கும் இரண்டு பதிவுகளைக் கண்டதும் இரண்டு மனிதர்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

முதல் வழி, குடும்ப நூலை நம்பிக்கொண்டு போவது. இதுவே எல்லாவற்றிலும் எளியது; நண்பரின் மனமும் முதலில் இதன் பக்கமே சாய்ந்தது. 1875-இல் லூயி, அவருடைய சகோதரர் ஜாக் டுபுவா என்னும் இருவரின் சந்ததியர் நியூ பால்ட்ஸில் பெரிய அளவில் ஒன்றுகூடினார்கள். அமெரிக்கா தன் நூறாவது ஆண்டை எதிர்நோக்கியிருந்த அக்காலத்தில் வேர்களைத் தேடும் ஆர்வம் நாடெங்கும் பெருகியிருந்தது. இவ்வகை நூல்கள் பலவும் அந்த ஆர்வத்தில் விளைந்தவை. 1066-இல் வில்லியம் மன்னனோடு இங்கிலாந்துக்குக் கடல் கடந்த ஜெஃப்ராய் டுபுவா என்பவரில் தொடங்கி விக்ர் வரை இறங்கும் ஒரு வரிசை அவற்றில் இருக்கிறது. அந்த வரிசையைத் தாங்கும் ஆதாரம் தலைமுறை தலைமுறையாகக் காட்டப்படவில்லை. ‘டுபுவா’ என்றால் ‘காட்டைச் சேர்ந்தவர்’ என்றே பொருள். காடு இருந்த ஊர் எங்கும் அந்தப் பெயர் தனித்தனியே முளைத்திருக்கும். பெயர் ஒன்று என்பதற்காக ஒரு பிரபுக் குடும்பத்தோடு ஓர் உழவர் குடும்பத்தை முடிச்சுப் போட முடியாது.

நூல் சொல்லும் இரண்டாவது செய்தி இன்னும் பரவலானது. பதினான்காம் லூயி மன்னன், நான்ட் நகரில் 1598-இல் பிறப்பிக்கப்பட்ட மத உரிமை ஆணையை 1685-இல் ரத்து செய்ததும், டுபுவாக்கள் உயிர் தப்பி ஓடினார்கள் என்பது அது. ஆனால் லூயி டுபுவா 1655-இலேயே மன்ஹைமில் இருக்கிறார். ஆணை ரத்தானபோது அவர் ஹட்சன் கரையில் கால் நூற்றாண்டைக் கழிக்கும் நிலையில் இருந்த நிலவுடைமையாளர். அவர் பிறந்த மண் அப்போது பிரான்ஸுக்கு உரியதே இல்லை என்பதால் அந்த ஆணை அங்கே ஒருநாளும் செல்லுபடியாகவில்லை. லில் நகரத்தைப் பதினான்காம் லூயி கைப்பற்றியதே 1667-இல்தான். ஹியூகனாட் என்பது பிரான்ஸ் நாட்டுப் புரோட்டஸ்டன்ட்டுகளைக் குறித்த பெயர். விக்ர் பக்கத்தவரை அக்காலத்தவர் வாலூன் என்றார்கள். அண்டை வீட்டார் இட்ட ‘வாலூன் லூயி’ என்ற பட்டப்பெயர் நூலைக் காட்டிலும் துல்லியமாக இருக்கிறது. இது வெறும் சொற்சண்டை என்று நான் கருதவில்லை. ‘ஹியூகனாட்’ என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு லா ரொஷேல் துறைமுகத்திலும் பாரிஸிலும் பல மாதம் தேடி வெறுங்கையோடு திரும்பியவர்களை நான் அறிவேன். அவர்கள் தேடியிருக்க வேண்டிய ஏடு வேறொரு நாட்டில் இருந்தது.

நூலின் மூன்றாவது கதை நண்பருக்கு மிகவும் பிடித்தது. 1663 ஜூன் 7-இல் எசோபஸ் மக்கள் தாக்கியபோது லூயியின் மனைவி கத்தரீன் பிளான்ஷானும் பிள்ளைகளும் சிறைபிடிக்கப்பட்டார்கள். மூன்று மாதம் கழித்து, விறகில் ஏற்றி எரிக்கப்படவிருந்த நேரத்தில் கத்தரீன் 137-ஆம் சங்கீதத்தைப் பாடினார், அதைக் கேட்டு அவர்கள் தாமதித்தார்கள், அதற்குள் மீட்புப் படை வந்துவிட்டது என்பது கதை. சிறைபிடிப்பும் மீட்பும் உண்மை. படைத்தலைவர் மார்ட்டின் கிரெகியர் நாள்தோறும் எழுதிய குறிப்பேட்டில் செப்டம்பர் 5-ஆம் நாள் தாக்குதலும், இருபத்து மூன்று பேர் மீட்கப்பட்டதும் பதிவாகியிருக்கின்றன. விறகும் இல்லை, பாட்டும் இல்லை. மேலிடத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டிய படைத்தலைவர் அப்படி ஒரு காட்சியைக் கண்டிருந்தால் எழுதாமல் விட்டிருக்க மாட்டார் என்றே நான் நினைக்கிறேன். அந்தத் தாயின் மூன்று மாதத் துயரத்துக்கு அந்தப் பாட்டு தேவைப்படவும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் குடும்ப நினைவை முற்றாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஹாஸ்புரூக் குடும்பத்தில், 1707-இல் பிறந்து 1791 வரை வாழ்ந்த கர்னல் ஆபிரகாம் ஹாஸ்புரூக், தம் தாத்தா காலே நகரத்தில் பிறந்தவர், பாலட்டினேட் வழியாகவும் இங்கிலாந்து வழியாகவும் அமெரிக்கா வந்தவர் என்று கையால் எழுதி வைத்தார். தாத்தா 1717-இல் இறந்தபோது பேரனுக்குப் பத்து வயது நிறையவில்லை. ஆயினும் தாத்தாவின் பேச்சைக் காதால் கேட்டவர்களோடு பேரன் வாழ்ந்தார். இத்தகைய குறிப்பு, நிகழ்ச்சிக்கு இருநூறு ஆண்டுகள் கழித்து அச்சான நூலைவிட மிகவும் மதிப்புடையது. பிறந்த ஊரில் அது பிழைபட்டிருக்கலாம். வந்த வழியில் பிழைபட வாய்ப்புக் குறைவு. நூல்களிலும்கூட, 18, 19-ஆம் நூற்றாண்டுத் தலைமுறைகளுக்கு, இன்று மழையில் கரைந்துபோன கல்லறைக் கற்களின் எழுத்தைப் படியெடுத்துக் காத்த பக்கங்கள் உண்டு. அந்தப் பகுதிக்கு மட்டும் நூலைக் கைவிளக்காகக் கொள்ளலாம்.

இரண்டாம் வழி, குடியேற்றத்தின் சொந்தப் பதிவேடுகள். நியூ பால்ட்ஸுக்கு அருகிலுள்ள கிங்ஸ்டன் ஊரின் டச்சுச் சபையுடைய ஞானஸ்நான, திருமண ஏடுகள் 1660 முதல் கிடைக்கின்றன; 1891-இல் அச்சாகவும் வந்துவிட்டன. நியூ பால்ட்ஸ் பிரெஞ்சுச் சபையின் ஏடு 1683 சனவரியில், போதகர் பியேர் டயே ஊருக்கு வந்து பிரசங்கித்ததையும், குடும்பத் தலைவர்கள் கூடி லூயி டுபுவாவை மூப்பராகவும் ஹியூகோ ஃபிரியரை உதவிக்காரராகவும் தேர்ந்தெடுத்ததையும் சொல்லித் தொடங்குகிறது. டச்சு ஏடுகளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: திருமணமான பெண்ணை அவை பிறந்த வீட்டுப் பெயராலேயே எழுதுகின்றன. ஆங்கில முறைக்கு மாறிய பின் பெண்கள் கணவன் பெயருக்குள் மறைந்துவிடுகிறார்கள். ஆகவே தாய்வழியைப் பிடிக்க வேண்டுமானால் டச்சு ஏடுகள் பேசும் காலத்திலேயே பிடித்துவிட வேண்டும். குழந்தையின் ஞானஸ்நானத்தில் சாட்சியாக நின்றவர்களின் பெயர்களும் பெரும்பாலும் மாமன், சித்தப்பா, அத்தை ஆகியோரின் பெயர்கள். எந்தக் கிளை என்ற ஐயம் வரும்போது இந்தச் சாட்சிகளே வழி காட்டுவார்கள்.

இந்த வழியின் எல்லை, கடற்கரையோடு முடிகிறது. இங்குள்ள ஏடுகள் இங்கு பிறந்தவரைச் சொல்லுமே ஒழிய, கப்பலேறி வந்தவரின் தந்தையைச் சொல்வது அரிது. வந்த ஆண்டுகூடத் தெளிவில்லை. 1660 ஏப்ரல் 27 தேதியிட்ட ‘பொன் நீர்நாய்’ என்னும் பொருள்படும் டச்சுக் கப்பலின் பயணிகள் பட்டியலில், மாமனார் மத்தியூ பிளான்ஷான், மனைவியோடும் 12, 9, 5 வயதுப் பிள்ளைகள் மூவரோடும் இருக்கிறார். மருமகன் லூயி அதில் இல்லை. பல நூல்கள் அவரையும் அதே கப்பலில் ஏற்றிவிடுகின்றன. அவர் இங்கே இருந்தார் என்று உறுதியாகக் காட்டுவது 1661 அக்டோபரில் கிங்ஸ்டனில் மகன் யாக்கோபுக்கு நடந்த ஞானஸ்நானம். ஆகவே ‘1661 அக்டோபருக்கு முன்’ என்பதே நேர்மையான விடை. அதே பட்டியல் பிளான்ஷானை ஆர்த்துவா பகுதி உழவர் என்கிறது. மற்றோர் ஏடோ அவரை மன்ஹைம்காரர் என்கிறது. இதை முரண் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். ‘சொந்த ஊர் எது?’ என்ற கேள்விக்கும் ‘எங்கே குடியிருக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கும் நாம் இரு வேறு விடை சொல்வதில்லையா? எழுத்தர் எந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதுதான் வேறுபாடு.

மூன்றாம் வழியே என் கணிப்பில் முதன்மையானது: இடைத்தங்கல் ஊர்களின் ஏடுகள். அகதி ஒருவர் தங்கிச் செல்லும் ஊரில் அவரை யாருக்கும் தெரியாது. ஆகவே திருமணம் என்று வந்தால், அவர் யார், யார் மகன், எந்த ஊர் என்று போதகர் கேட்டு எழுதியே ஆக வேண்டும். பிறந்த ஊரில் இதைக் கேட்க அவசியமில்லை, எல்லாருக்கும் தெரியும். போய்ச் சேர்ந்த ஊரில் கேட்க ஆளில்லை. மன்ஹைம் பிரெஞ்சுச் சபையின் திருமண ஏட்டில் 1655 அக்டோபர் 10-ஆம் நாள் பதிவு இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு. விக்ர் ஊர் கிரெத்தியேன் டுபுவாவின் மகன் லூயி, மன்ஹைமில் வாழும் மத்தியூ பிளான்ஷானின் மகள் கத்தரீன். சில சொற்களில் அடங்கும் அந்தப் பதிவில் மணமகன், தந்தை, தந்தையின் ஊர், மணமகள், மாமனார் என்று ஐந்து முடிச்சுகள் விழுகின்றன. இதே மத்தியூ பிளான்ஷான் அமெரிக்கக் கப்பல் பட்டியலில் இருக்கிறார். இதே கத்தரீன் கிங்ஸ்டன் ஏட்டில் பிள்ளைகளின் தாயாக இருக்கிறார். ஒரு பெயர் தற்செயலாக ஒத்துப்போகலாம். கணவன், மனைவி, மாமனார் மூவரும் ஒருசேரத் தற்செயலாக ஒத்துப்போவதில்லை. பெருமை பேசும் நோக்கம் எதுவும் இன்றி, நிகழ்ந்த அன்றே, பொறுப்புள்ளவர் கையால் எழுதப்பட்டது என்பதால் இந்தப் பதிவு ஜெஃப்ராய் டுபுவாவின் முழு வரிசையையும்விடக் கனமானது.

குறை இல்லாமல் இல்லை. மன்ஹைம் 1689-இல் பிரெஞ்சுப் படைகளால் எரித்து அழிக்கப்பட்ட நகரம். எல்லாக் குடும்பத்துக்கும் இதுபோன்ற பதிவு வாய்க்காது. நெதர்லாந்தின் வாலூன் சபைகளுடைய ஏடுகளிலிருந்து லெய்டனில் உருவாக்கப்பட்ட பெரிய அட்டைத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. ஒரு பெயரை அகரவரிசையில் பல ஊர்களில் ஒரே நேரத்தில் தேட அதைப்போல் வசதி வேறில்லை. ஆனால் ஒவ்வோர் அட்டையும் யாரோ ஒருவர் படித்து எழுதிய நகல். லண்டன் வழியாக வந்த குடும்பங்களுக்கு, 1885-இல் தொடங்கிய லண்டன் ஹியூகனாட் சங்கம் அச்சிட்ட திரெட்நீடில் தெருப் பிரெஞ்சுச் சபை ஏடுகள் அதே பணியைச் செய்கின்றன; அவையும் படிகளே. நிலம் வாங்கும்போது நகலைப் பார்த்துவிட்டுத் தாய்ப்பத்திரத்தைக் கேட்கிறோமே, அதுபோல அட்டையில் கண்டதை மூல ஏட்டின் படத்தில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். நண்பரின் உறையிலிருந்த நகல்களில் ஒன்று மூன்றாம் கைப் படி. அதில் ‘விக்ர்’ என்ற ஊர்ப்பெயர் படிக்க முடியாத வேறொன்றாகத் திரிந்திருந்தது.

நான்காம் வழி, நேரே விக்ர் ஊர்க் கத்தோலிக்கப் பங்கின் ஞானஸ்நான ஏட்டுக்குப் போவது. லில் நகரிலுள்ள நோர் மாவட்ட ஆவணக் காப்பகம் பழைய பங்கு ஏடுகளின் படங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பதால் இது கவர்ச்சியான வழி. ஆனால் மன்ஹைம் பதிவு கையில் இல்லாமல் இதைத் தொடங்குவது வீண். அந்தப் பகுதியில் டுபுவா என்ற பெயரும் லூயி என்ற பெயரும் மலிந்தவை. எந்த ஊர், எந்தத் தந்தை என்று தெரியாதவர் முதலில் கண்ணில் படும் லூயியைத் தம் முன்னோராக்கிவிடுவார். தெரிந்துகொண்டு போனால், கிரெத்தியேனின் பிள்ளைகளை அந்த ஏட்டில் வரிசையாகத் தொடரலாம். லூயியின் பிறப்பை 1626 என்றும் 1627 என்றும் குடும்ப நூல்கள் மாற்றி மாற்றி எழுதுவதை அங்கேதான் சோதிக்க வேண்டும். புரோட்டஸ்டன்ட் தலைவரின் குழந்தைப்பருவம் கத்தோலிக்க ஏட்டில் இருப்பது சிலரை உறுத்துகிறது. ஸ்பானிய ஆட்சியில் வேறு ஏடே கிடையாது. பதிவு எந்தச் சபையுடையது என்பது குடும்பத்தின் உள்ளத்து நம்பிக்கைக்குச் சான்றாகாது. அதே நேரத்தில், கிரெத்தியேனை ‘ஹியூகனாட் கனவான்’ என்று வருணித்த பழைய நூல்களின் உறுதியையும் அது குலைக்கிறது.

ஐந்தாம் வழி, மரபணு. நண்பர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார் என்பதால் இதில் தொடர வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. பத்துத் தலைமுறைக்கு மேலே ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. அவர்களுள் பலரிடமிருந்து இன்றைய உடலில் ஒரு துளி மரபணுகூட வந்திருக்காது. இதைவிடப் பெரிய சிக்கல், நியூ பால்ட்ஸை அமைத்த குடும்பங்கள் நூறாண்டுக்கு மேல் தங்களுக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வந்தன என்பது. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணந்த குடும்பங்களில் வளர்ந்த நமக்கு இது எளிதில் புரியும்: ஒருவர் மூன்று வழியில் உறவாக இருப்பார், மூன்று வழியின் பங்கும் சேர்ந்து, இருக்கும் நெருக்கத்தைவிட அதிகமாகக் காட்டும். சோதனை முடிவிலிருந்த நூற்றுக்கணக்கான உறவினர்கள் உண்மையில் உறவினர்களே. டுபுவா வழியா, டெயோ வழியா, ஹாஸ்புரூக் வழியா என்று அது பிரித்துச் சொல்லாது. தந்தையிலிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம் சோதனை இதைப் பிரிக்க வல்லது. ஆனால் நண்பரின் கொடிவழியில் இரண்டு இடங்களில் பெண்கள் வருகிறார்கள். அவர் உடலில் டுபுவாவின் ஒய் குரோமோசோம் இல்லை. இடையறாத ஆண்வழியில் வந்த தூரத்துப் பங்காளி ஒருவர் மனம் வைத்தால்தான் அது நடக்கும். அப்போதும் அது இரண்டு கிளைகள் ஒரே வேரினவா என்று சொல்லும். அந்த வேரின் பெயர் கிரெத்தியேன் என்று சொல்லாது.

இதுவரை எழுதிய வரிசை எல்லாச் சந்ததியருக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். நியூ பால்ட்ஸ் குடும்பங்கள் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக வைத்திருந்தன. டுபுவா, ஹாஸ்புரூக் என்னும் பெயர்களைத் தாங்கிய கறுப்பினக் குடும்பங்கள் உண்டு. பெயர் உடைமையால் வந்ததா, குருதியால் வந்ததா, இரண்டாலுமா என்பது அவர்களுடைய தேடலின் முதற்கேள்வி. 1868-இல் பிறந்த கறுப்பின அமெரிக்க அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் தம் கொள்ளுப்பாட்டனாராகக் குறிப்பிட்ட ஜேம்ஸ் டுபுவா இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வெள்ளையர். அவர் வழியில் பஹாமாவில் பிறந்த அலெக்சாண்டர், இந்த அறிஞரின் பாட்டனார். லூயியையும் ஜாக்கையும் பதினான்காம் லூயி மன்னன் துரத்தினான் என்ற அச்சிட்ட கதையை அவரும் ஒரு நூலில் அப்படியே எழுதியிருக்கிறார். ஆராய்ச்சியில் அவ்வளவு கூர்மை உடையவரையும் குடும்ப நூல் ஒருமுறை இழுத்துச் சென்றுவிட்டது. இத்தகைய வழியில் வந்தவருக்குச் சபையின் திருமண ஏடுகள் பெரும்பாலும் கதவை அடைத்துவிடும். அவர் முதலில் திறக்க வேண்டியவை உடைமையாளரின் உயில்களும் சொத்துப் பட்டியல்களும். நியூயார்க்கின் 1799-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவ்வாண்டு ஜூலை 4-க்குப் பின் அடிமைத் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளை ஊர் எழுத்தரிடம் பதிய வேண்டியிருந்ததால் உண்டான ஏடுகளும் அவற்றோடு சேரும். நான் கடைசியில் வைத்த மரபணு அவருக்கு முதல் வரிசைக்கு வந்துவிடுகிறது. எழுத மறுத்த தந்தையைச் சொல்ல வேறு சாட்சி அங்கே இல்லை. எந்த வழி சிறந்தது என்ற விடை, தேடுபவரின் முன்னோரை அந்தக் காலத்து எழுத்தர் மனிதராக எழுதினாரா, பொருளாக எழுதினாரா என்பதைப் பொறுத்து மாறுகிறது.

பதிவுகள் மோதும்போது தீர்ப்பதற்குப் பலர் நாடும் துணைகள் இரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்று, பெயரிடும் வழக்கம். ‘பேரன்’ என்ற சொல்லே பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்று நமக்குச் சொல்லும். டச்சுக்காரரிடமும் தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை இடும் வழக்கம் இருந்தது. ஆனால் லூயியின் மூத்த மக்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. பின்னே தாவீது, சாலொமோன். கிரெத்தியேன் என்ற பெயரே இல்லை. மாமனார் பெயரான மத்தியூ கடைசி மகனுக்குத்தான் வந்தது. வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பெயரிட்ட வீட்டில் வழக்கத்தைச் சான்றாக்க முடியாது. மற்றொன்று, கட்டடங்களின் மேலும் நினைவுக் கற்களிலும் பொறித்த ஆண்டுகள். நியூ பால்ட்ஸிலுள்ள ஜான் ஹாஸ்புரூக்கின் கல் வீடு 1712-இல் எழுந்தது என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. உத்தரக் கட்டைகளின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்தபோது 1721 என்று தெரிந்தது. மரத்துக்குக் குடும்பப் பெருமை கிடையாது. எழுதியவர் யார், எப்போது, எதற்காக என்ற மூன்று கேள்விகளையும் கேட்ட பின்பே ஓர் ஆண்டை ஏற்க வேண்டும் என்பதை அந்தக் கட்டைகள் எனக்குக் கற்றுக்கொடுத்தன. இதே எச்சரிக்கை உயிலுக்கும் பொருந்தும்: உயில் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட நாளை இறந்த நாளாக எழுதிவிடுவது இந்தக் கொடிவழிகளில் அடிக்கடி காணும் பிழை.

நண்பருக்கு நான் சொன்ன முடிவு இதுதான். கிங்ஸ்டன், நியூ பால்ட்ஸ் ஏடுகள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருப்பதால், தம்மிலிருந்து லூயியின் மக்கள் வரை அவற்றைக் கொண்டு தாமே கட்ட வேண்டும்; அதற்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். கையிலுள்ள பணத்தை மன்ஹைம் ஏட்டின் மூலப் படத்தைப் பெறுவதற்கும், 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவருக்குக் கொடுத்து அதைப் படியெடுப்பதற்கும் செலவிட வேண்டும். அதன் பிறகே விக்ர். மரபணுவில் மேற்கொண்டு ஒரு காசும் வேண்டாம், ஆண்வழிப் பங்காளி கிடைக்கும் வரை. பாரம்பரியச் சங்கம் ஒன்றில் சேர வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அத்தகைய சங்கங்கள் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆவணம் கேட்கும் என்பதால், இந்த வரிசை அதற்கும் உதவும்.

அவர் அப்படியே செய்தார். கிங்ஸ்டன் ஏடுகளிலேயே ஜூலை கழிந்துவிட்டது. பாட்டியின் பாட்டி ஒருவர் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு பெண்களாகப் பிரிந்து நின்றதை, ஞானஸ்நானச் சாட்சிகளை வைத்து அவரே ஒருவராக்கினார். மன்ஹைம் பக்கத்தின் படம் ஆகஸ்டில் வந்தது. படியெடுத்தவர் அடிக்கோடிட்டிருந்த ‘கிரெத்தியேன்’ என்ற சொல்லை அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம் ஏட்டில் லூயிக்கு நேரே தந்தை பெயரையும் விக்ரையும் மையால் எழுதினார். பிறந்த ஆண்டுக்கு 1626, 1627 என்ற இரண்டையும், எது எந்த நூலில் உள்ளது என்ற குறிப்போடு, பென்சிலால் எழுதினார். கிரெத்தியேனுக்கு மேலே கோடு போடாமல் விட்டார். பாட்டனாரின் பொன் விளிம்பு நூலில் 1066 தொடங்கும் பக்கத்தில் ஒரு சிறு தாளை வைத்தார். ‘நூலின் கூற்று, ஆதாரம் காட்டப்படவில்லை’ என்று அதில் எழுதியிருந்தது.